நாற்பது வருசச் சுருட்டும் அவிழ்க்காத காப்பும்

பெற்ற மகளின் தலைப் பிரசவத்துக்கு என் வீட்டுக் கதவு அடைபட்டுப் போனது. அடைத்தது வேறு யாரும் இல்லை. என் வாயில் இருந்த சுருட்டுத்தான். அந்தக் கதவை அம்மன் எப்படித் திறந்து கொடுத்தாள் என்பதை, அவளை நம்பிக் கும்பிடுகிற எல்லாருக்கும் காத்தாயி ஆகிய நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அங்கேயே தோட்டத்துப் பேரேட்டில் பேர் பதிந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே பேர் எடுத்தவள். எங்கள் மலையில் என்னைவிடக் கூடுதலாகக் கொழுந்து நிறுத்தவள் அந்தக் காலத்தில் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது இரண்டு வருசம். எழுத்துக் கூட்டி எழுதுவதால் மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் இல்லை.

பன்னிரண்டு வயதில் என்னை மலைக்கு அனுப்பினார்கள். முதல் மழையிலேயே இரண்டு காலிலும் அட்டை ஏறிவிட்டது. நான் கத்திய கத்தலில் கங்காணி மேலே இருந்து இறங்கி வந்துவிட்டார். என் அம்மா ஓடி வந்து, தான் குடித்துக்கொண்டிருந்த சுருட்டின் நெருப்பால் ஒவ்வொரு அட்டையாகச் சுட்டு விழுத்தினாள். பிறகு அதே சுருட்டை என் வாயில் வைத்து, "ஒரு இழு இழுடி. குளிரும் போவும், அட்டையும் அண்டாது" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அவள் அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அன்றைக்குப் பிடித்தது நாற்பது வருசம் விடவில்லை. சாதாரண நாளில் எட்டுச் சுருட்டு. மழைக் காலத்தில் பத்து. இடுப்பு மடியில் நெருப்புப் பெட்டி இல்லாமல் நான், விடிகாலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனதே இல்லை. காலையில் ஒன்று பற்றவைக்காவிட்டால் வெளிக்குப் போக வராது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் விட நினைக்கிற பலரை இந்த ஒன்றுதான் திரும்பவும் இழுத்துக்கொண்டு போகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிழைத்தது ஒரே மகள். சரஸ்வதி. சரசு என்று கூப்பிடுவோம். நாலு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. பனி மாதத்தில் அவள் நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தும். எங்கள் லயத்துக் காம்பரா உங்களுக்குத் தெரியாததா? ஒரே அறை, ஒரே கதவு, குளிருக்குப் பயந்து அதையும் சாத்தி வைப்போம். கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன். தாயத்துக் கட்டினேன். தோட்டத்து டாக்டரையாவிடம் மருந்துத் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் அம்மனிடம் போய், "என் பிள்ளையின் இழுப்பை நீ எடு, நான் வருசா வருசம் உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

சொன்ன சொல் தவறவில்லை. பதினைந்து வருசம் எடுத்தேன். ஆனால் பிள்ளையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே மற்றக் கையில் சுருட்டுப் பிடித்தவளும் நான்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

சரசுவைத் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தோம். மருமகன் முத்தையா தங்கமான பையன். கட்டிக்கொண்டு போன மூன்றாம் மாதமே பிள்ளைக்கு இழுப்பு நின்றுவிட்டது. எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், கொழுந்து நிறுக்கிற நிறுவையடியில், கடைத்தெருவில், கண்டவரிடமெல்லாம் சொன்னேன்: "நான் எடுத்த தீச்சட்டிக்கு அம்மன் கண் திறந்துட்டா." தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் நாளே திரும்ப இழுப்பு. கண்ணேறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். அந்தக் கமறலும் சேர்ந்து பிள்ளை திணறிப் போனாள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். சரசு முழுகாமல் இருந்தாள். மாசி மாதத்தில் ஏழு நிறைந்து, அவர்கள் தோட்டத்தில் வளைகாப்பு. நான் சோறு ஏழு வகை கிண்டிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். வளையல் போட்டு முடித்தால் பிள்ளையைக் கையோடு கூட்டி வர வேண்டியதுதானே? அப்போதுதான் சம்பந்தி வீராயி வாயைத் திறந்தாள். ஊரே உட்கார்ந்திருக்கிறது.

"சம்மந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. புள்ளைய நான் அனுப்பல."

"என்னாங்க இது புதுசா? மொதப் புள்ள தாய் வீட்டுலதான பொறக்கணும்?"

"பொறக்கணுந்தான். ஆனா ஒங்க வீடு வீடாவா இருக்கு? பொகக்கூண்டு. தீவாளிக்கு வந்துட்டு வந்தவ ஒரு மாசம் இழுத்துக்கிட்டுக் கெடந்தா. அதுக்குப் பொறவு எங்கூட்டுல ஒரு நா இழுத்திருப்பாளா, கேளுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அது நான் தீச்சட்டி எடுத்ததுக்கு அம்மன் குடுத்த வரம். ஒங்கூட்டு மகிமை இல்ல" என்றேன்.

வீராயி அலட்டிக்கொள்ளவில்லை. வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள். "அப்படீன்னா அந்த அம்மன் எங்க தோட்டத்துல மட்டுந்தான் இருக்காளா? ஒங்க தோட்டத்துப் பக்கம் எட்டியே பாக்க மாட்டாளா?"

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் மகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் சிரித்தாளோ அழுதாளோ, எனக்குத் தெரியாது.

"சுருட்ட விட்டுட்டு வாங்க. மறு பஸ்ஸுலயே அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

வெறுங்கையோடு வந்தேன். என் வீட்டுக்காரர் கருப்பையா வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "நீ சுருட்ட விட்டா நான் மீசைய எடுத்துப்புடுறேன் புள்ள" என்றார். அவருடைய மீசைக்கு ஒரு ஆபத்தும் வராது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

விட்டுக் காட்டுகிறேன் என்று, இருந்த சுருட்டுக் கட்டை ஆற்றில் வீசினேன். மூன்றாம் நாள் தலை வெடித்தது. கொழுந்தோடு முற்றல் இலையையும் சேர்த்துப் பறித்தேன். கங்காணி கூடையைக் கிளறிப் பார்த்து, "என்னா காத்தாயி, மாட்டுக்கா பறிக்கிற?" என்று கேட்டார். என்னை அப்படி ஒருத்தர் கேட்டதில்லை. அன்றைக்கே பக்கத்துச் செடி நிறையில் பறிக்கிற என் கூட்டாளி அங்கம்மாவிடம் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன். மறுபடி விட்டேன். மறுபடி பிடித்தேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு விடுவதை விட்டுவிட்டு, ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மாசிக் கடைசியில் கிராம்பு மென்று, வெற்றிலை போட்டு, சவர்க்காரம் தேய்த்துக் குளித்துவிட்டுத் திம்புள்ளைக்குப் பஸ் ஏறினேன். "விட்டுட்டேன் சம்மந்தியம்மா" என்றேன். வீராயி என் வாயை மோந்து பார்க்கவில்லை. குளிருக்கு நான் போர்த்திப் போயிருந்த கம்பளியை மெதுவாக உருவி எடுத்து மூக்கில் வைத்தாள்.

"நீங்க விட்டுட்டீங்க சரி. கம்பளி இன்னும் விடலியே" என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. சரசு கதவோரம் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கு ஒங்கிட்டதாம்மா வரணும்னு இருக்கு. ஆனா வந்தா மூச்சு விடணுமேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே மடியில் இருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். என் வாழ்நாளில் குடித்ததிலேயே கேவலமான சுருட்டு அதுதான். மகள் மூச்சுக்குக் கெஞ்சுகிறாள், நான் புகைக்கிறேன். இனி நம்மால் முடியாது, இந்தச் சனியன் நம்மோடு சுடுகாட்டுக்குத்தான் வரும் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

பங்குனி பிறந்தது. எங்கள் தோட்டத்துத் திருவிழா. எங்கள் பூசாரி மருதை மற்ற நாளில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்தான், ஆனால் அம்மன் காரியத்தில் நெருப்பு. மஞ்சள் கொம்பு வைத்து முறுக்கிய நூலை என் இடது கையில் கட்டினார். காப்புக் கட்டியவர்களுக்குக் கவுச்சி ஆகாது. சுருட்டு, சாராயம் ஆகாது. தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எட்டு நாள் விரதம். இந்த எட்டு நாளும் ஒவ்வொரு வருசமும் நான் சுருட்டைத் தொட்டதில்லை. தலை வலிக்கும், கை தேடும். இருந்தாலும் தொட மாட்டேன். கரகம் ஆற்றில் விட்டு, பூசாரி காப்பை அவிழ்த்த அடுத்த நிமிசம் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பற்றவைப்பேன். அங்கம்மா அங்கே நெருப்போடு தயாராக நிற்பாள்.

அந்த வருசம் தீச்சட்டியைக் கையில் ஏந்தி நின்றபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. பதினைந்து வருசமாக, "பிள்ளையின் இழுப்பை எடு" என்று கேட்டவள். இப்போது அப்படிக் கேட்க வாய் வரவில்லை. அவள் எடுக்க எடுக்க நான்தானே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்? வேப்பிலை மேலே அனல் அடிக்கிறது. என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆத்தா, என்னை என் பிள்ளைகிட்ட விடு." வேறு ஒரு வேண்டுதலும் இல்லை.

எட்டாம் நாள் காலை. காப்பு அவிழ்க்க ஆற்றங்கரையில் வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் நின்றவரின் காப்பு விழுந்தது. பூசாரி, "கைய நீட்டுக்கா" என்றார். நான் நீட்டவில்லை. கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் நினைத்துச் செய்தது இல்லை அது. சத்தியமாகச் சொல்கிறேன். கை தானாக மடங்கியது. அப்போதுதான் மண்டையில் வெளிச்சம் வந்தது. காப்பு இருக்கிற வரைக்கும் நான் குடிப்பதில்லை. அப்படியானால் காப்பு ஏன் அவிழ வேண்டும்?

"அவுக்காதீங்கண்ணே. இருக்கட்டும்" என்றேன்.

பூசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாக்கா வெளையாட்டு? அம்மா மலையேறியாச்சு. காப்பு கெடக்கக் கூடாது."

"அவ மலையேறட்டும். எனக்கு இன்னும் வெரதம் முடியல."

"எல்லைய தாண்டக் கூடாது, தெரியுமில்ல? மக பெரசவத்துக்குக் கூட்டியார எப்புடிப் போவ?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. மகளுக்காகக் காப்பை வைத்துக்கொண்டால், மகளிடம் போக முடியாது. சனங்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அங்கம்மா பின்னால் இருந்து, "கெழவிக்கு வெயிலு ஏறிப்போச்சு, அவுத்து விடுங்க பூசாரி" என்றாள்.

கடைசியில் பூக் கேட்பது என்று முடிவானது. கோயிலுக்குத் திரும்பி, அம்மன் தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்தார்கள். வலப் பக்கத்துப் பூ விழுந்தால் உத்தரவு. இடப் பக்கம் விழுந்தால் அவிழ்த்துவிட வேண்டும். நான் கண்ணை மூடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் மரத்துப் போனது. வலப் பக்கத்துச் செவ்வரளி அசைந்து, அவள் தோளில் பட்டு, என் பக்கமாக வந்து விழுந்தது. பூசாரி எனக்குத் திருநீறு போட்டார்.

என் வீட்டுக்காரரைத் திம்புள்ளைக்கு அனுப்பி நடந்ததைச் சொல்லச் சொன்னேன். "எட்டாம் மாசத்துல எப்படியும் புள்ளைய வீட்ட விட்டு எறக்க மாட்டோம். ஒம்பதுல நானே வந்து பாக்குறேன்" என்று வீராயி சொல்லி அனுப்பினாள். வருகிற நாளைச் சொல்லவில்லை. கெட்டிக்காரி.

இனி அந்த நாட்களைச் சொல்கிறேன். விட நினைக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதல் பத்து நாள் நரகம். அதை மறைக்க மாட்டேன். காரணம் இல்லாமல் கோபம் வரும். சட்டியை உடைத்தேன். என் வீட்டுக்காரரின் அம்மாவைப் பற்றி, அவர் செத்து இருபது வருசம் ஆகியும், வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒருவர் விட முயற்சி செய்தால் மற்றவர்கள் கொஞ்ச நாள் செவிடாக இருங்கள். பெரிய புண்ணியம். இருமல் முன்னைவிடக் கூடும், பயப்படாதீர்கள். இத்தனை வருசத்து அழுக்கு வெளியே வர வேண்டாமா? காலையில் சுடுதண்ணீர் ஒரு செம்பு குடித்துவிட்டு நடந்தேன். ஒரு கிழமையில், ஏழே நாளில், வயிறு தன் வேலையைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்டது.

தேத்தண்ணி நேரத்தில்தான் நாங்கள் கூட்டமாக உட்கார்ந்து பற்றவைப்போம். அந்த இடத்துக்குப் போவதை நிறுத்தினேன். அங்கம்மாவின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவள் புகையின் மேல்தான் பயம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். "காத்தாயி சாமியாரிணி ஆயிட்டாடி, நம்மகூட எல்லாம் ஒக்கார மாட்டா" என்று கேலி பேசினாள். நான் நிறையிலேயே நின்றபடி ஒரு துண்டுச் சுக்கைக் கடவாயில் அடக்கிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். ஆசை வரும்போது ஒரு செடியைப் பார்ப்பேன். இதைப் பறித்து முடிக்கிற வரைக்கும் வேண்டாம் என்று சொல்வேன். பறித்து முடித்தால் அடுத்த செடி. மலையில் செடிக்கா பஞ்சம்? நாற்பது வருசத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஒரு செடிக்கு எல்லாராலும் பொறுக்க முடியும்.

கம்பளியை மூன்று தடவை வெந்நீரில் துவைத்தேன். என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு கரைத்துச் சுவரை அடித்தார். முதல் பூச்சு காய்ந்தபோது சுவரில் மஞ்சளாகக் கசிந்தது. சுவரே அத்தனை குடித்திருந்தது. இரண்டாம் பூச்சு அடித்தோம்.

இப்போது வெட்கப்படுகிற இடம் வருகிறது. சித்திரை மழை தொடங்கிய ஒரு பின்னேரம் என் கணுக்காலில் அட்டை ஏறியது. அங்கம்மா பக்கத்தில்தான் நின்றாள். எரிகிற சுருட்டை நீட்டி, "இந்தா, சுட்டுட்டுக் குடு" என்றாள். வாங்கினேன். சுட்டேன். அட்டை விழுந்தது. கை திரும்பி அவளிடம் போகவில்லை. என் வாய்க்குப் போய்விட்டது. ஒரு இழுப்பு. காப்புக் கட்டிய கை அது.

சுருட்டைக் கீழே போட்டேன். அங்கம்மாவே பயந்துவிட்டாள். நிறுவை முடிந்ததும் நேரே பூசாரியைத் தேடிப் போனேன். அம்மை போடும், கண் போகும், பேறுகாலத்தில் பிள்ளைக்கு ஆகாமல் போகும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு காப்பை நீட்டி, "அறுத்துருங்கண்ணே, நான் அதுக்கு லாயக்கில்ல" என்றேன்.

பூசாரி கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எத்தன இழுப்பு?" என்றார்.

"ஒண்ணு."

"ஒண்ணோட போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"இந்த நாப்பது வருசத்துல ஒரு இழுப்போட எப்பவாச்சும் கீழ போட்டிருக்கியாக்கா?"

இல்லைதான். ஒருநாளும் இல்லை.

"அம்மா என்னா தோட்டத்துத் தொரையா, ஒரு தப்புக்குப் பேர வெட்டுறதுக்கு? போயி மஞ்சத் தண்ணியில தல முழுவு. நாளைக்கு வேலைக்குப் போ" என்றார்.

இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழுந்தவன் அங்கேயே படுத்துக்கொண்டால்தான் தப்பு. ஒரு இழுப்புப் போனதென்று ஒரு கட்டையே குடித்து முடிக்கிறவர்கள் நம்மில் அதிகம். அன்றைக்கு நான் எழுந்துவிட்டேன். அடுத்த நாளில் இருந்து உப்பையும் சவர்க்காரத்தையும் குழைத்துக் காலில் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனேன். அட்டைக்கு அதுவே போதும். சுருட்டு வேண்டும் என்று நாற்பது வருசம் நம்பியிருந்தேனே!

இரண்டு கிழமை கழிந்தது. நிறுவையடியில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால் வீராயி. ரோட்டில் இருந்து ஏற்றத்தில் நடந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். என் கம்பளியை எடுத்து மோந்தாள். என் கொண்டையை மோந்தாள். பிறகு, "வாயத் தொறங்க" என்றாள்.

"என்னா சம்மந்தியம்மா, மாட்டுக்குப் பல்லுப் பாக்குறீங்களா?"

"மாடா இருந்தா எப்பவோ திருப்பி ஓட்டியிருப்பேன். தொறங்க."

திறந்தேன். தலையை நிமிர்த்திக்கொண்டே திறந்தேன். நிறுவையடியே சிரித்தது, நானும் சிரித்தேன்.

காம்பராவுக்குக் கூட்டிப் போனேன். சுவரைத் தடவினாள். பாயை மோந்தாள், தலையணையை மோந்தாள். பிறகு முகட்டு விட்டத்தில் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒரு கட்டுச் சுருட்டு. என் வீட்டுக்காரருக்கே அது தெரியாது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறக்கவில்லை. தாங்க முடியாத ஒரு நாள் வந்தால் இருக்கட்டும் என்று நான்தான் வைத்திருந்தேன்.

"இது என்னாங்க?" என்றாள்.

"அது என் பயம். நம்பிக்க முழுசா வரல. ஆனா டப்பாவ எறக்கல. தூசியப் பாருங்க" என்றேன்.

டப்பாவின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். தூசி திரண்டு வந்தது. பிறகு ஒரு வாளியில் தண்ணீர் கேட்டு, அத்தனை சுருட்டையும் நொறுக்கி அதில் போட்டாள். "நாளைக்கு வடிச்சு ஒங்க கோவாப் பாத்திக்குத் தெளிங்க. பூச்சி ஒண்ணு இருக்காது. பூச்சி சாவுறதயா சம்மந்தியம்மா இத்தன வருசமா நெஞ்சுக்குள்ள ஊத்துனீங்க?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக் காப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க எல்லைய தாண்ட வேணாம். ஞாயித்துக்கெழம சரசுவ நானே கொண்டாந்து விடுறேன்."

மருமகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்ட மாமியாரை எங்கள் பக்கம் யாரும் கண்டதில்லை. என் சம்பந்தி கொண்டுவந்து விட்டாள். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் இருந்து என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து என் தோளில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். "அம்மா, ஒம் மேல சவர்க்கார வாசம் அடிக்குதும்மா" என்றாள். இத்தனை வருசத்தில் என் வாசம் என்னவென்று என் பிள்ளைக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வைகாசி பிறந்து நாலாம் நாள் காலை, மழை கொட்டுகிற நேரத்தில், எங்கள் காம்பராவில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி, "நல்ல மூச்சு புள்ளைக்கு, தம் கட்டித் தள்ளிட்டா" என்றாள். அந்த வார்த்தை என் காதில் தேனாக விழுந்தது. சரசு எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். மழைக் காலம் முழுக்க இருந்தாள். ஒரு நாள், ஒரு பொழுது இழுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னபடி மீசையை எடுத்தார். பேத்தி அவரைப் பார்த்து அழவில்லை. நாங்கள்தான் ஒரு மாதம் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

காப்பு நூல் ஆடியில் குழந்தைத் துணி அலசும்போது இற்று, பீலித் தண்ணீரோடு போய்விட்டது. பதறிப்போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில்தான் விளங்கியது. காப்பு இல்லாமலும் என் கை மடியைத் தேடவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் தேடவில்லை. அடுத்த நாள் தொழிற்சாலைப் பக்கமாக நடந்து போனபோது நின்றுவிட்டேன். காய்ந்த தேயிலையின் வாசம் காற்றில் வந்தது. நாற்பது வருசம் தேயிலை பறித்தவள், தேயிலைக்கு இப்படி ஒரு வாசம் இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதில் கண்டுகொண்டேன்.

ஏழு வருசமாகிறது. இப்போதும் எங்கள் மலையின் மேல் நிறைக்கு நிற்காமல் ஏறுகிறேன். பின்னால் வருகிற இளசுகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் திரும்பிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோசம். அம்மன் அதைப் பொறுத்துக்கொள்வாள். அங்கம்மாவும் போன வருசம் விட்டுவிட்டாள். அவளுக்கு மூன்று தடவை வழுக்கியது. மூன்று தடவையும் நானே மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன்.

பிள்ளைகளே, அண்ணன் தம்பிமார்களே, என் வயதுக்காரிகளே! வயது போய்விட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். என்னாலும் முடியவில்லை. முடிகிறவளிடம் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். உங்கள் ஊரிலும் அவள் இருக்கிறாள். வருகிற திருவிழாவில் எட்டு நாள் விரதம் இருங்கள், அது எல்லாரும் செய்கிறதுதான். ஒன்பதாம் நாளைத்தான் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும். பூசாரி அவிழ்க்க வரும்போது கையை மடக்கிக்கொள்ளுங்கள்.